இடது பக்க இருக்கை

அத்தியாயம் 14

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அன்னாசிப்பழத்தை நொரீன் பிடுங்கி மேல்கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது நிஜப் பழம் இல்லை, காந்தம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் க்வீன்ஸ்லாந்துக்குக் கிளம்பிப்போன புருஷன் அங்கிருந்து அனுப்பிவைத்த ஒரே பொருள். அது பிடித்துக்கொண்டிருந்த கரண்ட் பில் தரையில் விழுந்தது.

"அது எதுக்கும்மா?" என்றாள் பிரையோனி.

"வண்டி பாக்க. எது இரும்பு, எது துருவ மறைக்கப் பூசுன பட்டின்னு அது சொல்லும். உங்கப்பன் குடுத்ததுல ஒண்ணாவது உண்மை பேசட்டும்."

பிரையோனி கீழே விழுந்த பில்லை எடுத்து மேசையில் வைத்தாள். வியாழக்கிழமை மாலை இதே சமையலறையில் நடந்த சண்டையில் அவளுக்கு இருந்த சொற்களெல்லாம் தீர்ந்துபோயிருந்தன.

முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பிறர் படுத்த விரிப்புகளைத் துவைத்துவிட்டு நொரீன் போன மாதம் ஓய்வு பெற்றாள். வந்த பணத்தில் வீட்டுக் கூரையை மாற்றுவாள் என்று மகள் நினைத்திருந்தாள். அம்மா ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்றாள். புதிது இல்லை. மகளைவிட வயது கூடின கார். இரண்டே இருக்கை, மடக்கிவிடும் துணிக்கூரை.

"ஒழுகுற கூரைக்குக் கீழ உக்காந்துக்கிட்டு, கூரையே இல்லாத வண்டி வாங்கப் போறியா?" என்று மகள் கத்தினாள்.

நொரீன் கத்தவில்லை. "அறுபத்துமூணு வயசாச்சு. இந்த மாதிரி வண்டியில இதுவரைக்கும் இடது பக்கம்தான் உக்காந்திருக்கேன். வரைபடத்த மடியில வச்சுக்கிட்டு, 'இங்க திரும்பு, அங்க திரும்பு'ன்னு சொல்லிக்கிட்டு. ஒரு தடவ வலது பக்கம் உக்காரணும்" என்றாள்.

அதோடு சண்டை முடிந்தது. வெள்ளிக்கிழமை முழுக்கப் பிரையோனி விற்பனை விளம்பரங்களைத் துருவினாள். குடும்பத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். நகராட்சியில் சாலைப் பொறியாளர். அந்த வீட்டில் பட்டம் என்றால் காகிதம் சம்பந்தப்பட்ட சகலமும் அவள் தலையில் என்று அர்த்தம். வரி, வங்கி, ஆஸ்பத்திரிப் படிவம், பக்கத்து வீட்டுக்காரனின் வேலித் தகராறு, எல்லாம். பதினோரு வண்டிகளைப் பட்டியல் போட்டதில் ஒன்றுதான் கட்டுப்படியானது. சிவப்பு, முப்பத்துநாலு வயது. விளம்பரத்தில் "கிளப் நம்பர் பிளேட்டுடன்" என்று போட்டிருந்தது.

கிளப் பிளேட் போட்ட பழைய வண்டியை வருடத்தில் எண்ணி இத்தனை நாள்தான் ஓட்டலாம். ஓட்டும் நாளை ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் சாவியைத் திருக வேண்டும். ஆனால் சாதாரணப் பதிவுச் செலவில் இதற்குக் கால்வாசிதான். பிரையோனி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிளேட்டோடு வந்தால் அம்மாவால் முடியும். இல்லாவிட்டால் முடியாது. அவ்வளவுதான்.

*

க்ளூன்ஸ் ஊரில் வண்டியை விற்கும் மரே வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். இரண்டு பெண்களையும் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால் இன்னும் யாராவது இறங்குகிறார்களா என்றும் பார்த்தார்.

"வீட்டுக்காரர் வரலீங்களா?"

பிரையோனிக்குக் காது சூடாகியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நொரீன் முந்திக்கொண்டாள். "அவரால வர முடியல. அவர் சார்பா இத அனுப்பியிருக்கார்." பையிலிருந்து அன்னாசிப்பழத்தை எடுத்துக் காட்டினாள்.

மரேவுக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை.

நொரீன் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் வைத்து மெல்ல நகர்த்தினாள். ஈர மண்ணில் மண்டியிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். செய்தாள். வலது பக்கம் முழுக்கக் காந்தம் பிடித்துக்கொண்டே வந்தது. இடது பக்கம் பின்சக்கரத்துக்குக் கையகலம் முன்னால் கைக்குட்டையோடு கழன்று விழுந்தது.

"இங்க இரும்பு இல்ல. பட்டி" என்றாள்.

"எனக்குத் தெரியாதேம்மா. நான் வாங்குனப்பவே அப்படித்தான்..."

"உங்கள ஒண்ணும் சொல்லல. பிரை, கீழ படு."

"என்ன?"

"வண்டிக்கு அடியில படுடி. நான் மேல தண்ணி ஊத்துறேன். எங்க வருதுன்னு சொல்லு."

துணிக்கூரையில் விழும் மழை இருக்கைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு துளை வழியாகக் கீழே இறங்க வேண்டும். துளை அடைத்தால் தண்ணீர் விளிம்புக்குள் தேங்கி, உள்ளிருந்தே துரு தின்றுவிடும். இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும் என்பது பிரையோனிக்கு அன்றுதான் தெரிந்தது. இருபத்தேழு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். சரளைக் கல்லில் முதுகை வைத்துப் படுத்துக்கொண்டு, இந்த அம்மாவை இத்தனை நாள் எங்கே ஒளித்துவைத்திருந்தார்கள் என்று யோசித்தாள்.

"வலது பக்கம் வருது."

"இடது?"

"வரல. ஒரு சொட்டுகூட."

மேலே கம்பி போட்டுக் குடையும் சத்தம் கேட்டது. மக்கிய பைன் ஊசிகள் கருப்புக் குழம்பாகப் பிரையோனியின் கழுத்தில் விழுந்தன. அதற்குப் பின்னால் தண்ணீர், மூஞ்சி முழுக்க.

"இப்ப வருதும்மா" என்றாள் கண்ணை மூடிக்கொண்டு.

மரே விலையில் இறங்கி வந்தார். நொரீன் ஒரு விலை சொன்னாள், அவர் ஒன்று சொன்னார், நடுவில் முடிந்தது. கடைசியாக விளக்கைப் போட்டுக் காட்டச் சொன்னாள். மூக்குக்குள் பதுங்கியிருக்கும் இரண்டு விளக்குகளும் மேலே எழும்பும் ரகம் அது. வலது கண் உடனே திறந்தது. இடது கண் யோசித்துவிட்டுத் திறந்தது.

நொரீன் சிரித்தாள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவள் சிரித்து மகள் பார்க்கவில்லை. "எங்கப்பா காலையில முழிக்கிற மாதிரியே முழிக்குது" என்றாள்.

கையெழுத்தானது. பணம் போனது. மரே உள்ளே போய்த் திருப்புளியோடு வந்து, குனிந்து, நம்பர் பிளேட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் பிரையோனி.

"பிளேட்ட எடுக்கறேன். இது எம்பேர்ல இருக்கு, வண்டியோட வராது. திருப்பிக் குடுத்துடணும். நீங்க உங்க கிளப்புல கையெழுத்து வாங்கிப் புதுசு போட்டுக்குங்க." அவர் நிமிர்ந்தார். "எந்த கிளப் நீங்க?"

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உனக்குத் தெரியாதாம்மா?"

"நான் இருந்த காலத்துல இது வேற மாதிரி. நீ படிச்சிருப்பேன்னு நெனச்சேன்."

"நீ வண்டிக்காரி, உனக்குத் தெரியும்னு நான் நெனச்சேன்."

"காயிதம் எல்லாம் நீதானடி பாப்ப."

ஆமாம். காயிதம் எல்லாம் அவள்தான் பார்ப்பாள். விளம்பரத்தில் ஒற்றை வரியைப் படித்துவிட்டு, தான் நினைத்ததுதான் அதன் அர்த்தம் என்று முடிவு கட்டியிருந்தாள். நகராட்சியில் ஒப்பந்தக்காரன் இப்படிச் செய்திருந்தால் நாலு பக்கக் கடிதம் எழுதியிருப்பாள்.

வந்த காருக்குள்ளேயே உட்கார்ந்து இரண்டு பழைய கார் கிளப்புகளுக்குப் போன் போட்டாள். இரண்டிலும் ஒரே பதில். புது உறுப்பினர் மூன்று மாதம் கூட்டத்துக்கு வந்த பிறகுதான் கையெழுத்து. வசந்தம் வரைக்கும் வண்டி முற்றத்தில் நிற்கும், இடது விளிம்பில் துரு நிம்மதியாகச் சாப்பிடும்.

"இன்னொரு கிளப் இருக்கு" என்றாள் நொரீன், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

"அது வேணாம்மா."

"எனக்கும்தான் வேணாம்."

அந்தக் கிளப்பில் கையெழுத்துப் போடும் ஆள் லைல். நொரீனின் அண்ணன். பத்தொன்பது வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

*

அந்தக் கதை பிரையோனிக்குத் துண்டுதுண்டாகத்தான் தெரியும். தாத்தாவின் கரும்பச்சை இரண்டு இருக்கை வண்டி, கதவில் வெள்ளைப் பெயிண்டில் 41. ஞாயிற்றுக்கிழமைகளில் குன்றுப் பாதையில் ஒவ்வொரு வண்டியாக நேரம் குறித்து ஓட்டும் போட்டி. அதற்கு முந்தின காலத்தில், அம்மாவுக்குப் பதினாறு வயதில், நாள் முழுக்க வழி கண்டுபிடித்து ஓட்டும் பந்தயங்கள். லைல் ஓட்டுவார், நொரீன் வழி சொல்லுவாள். மழையில் வரைபடம் நனையாமல் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்வாளாம். பெட்ரோல் வாடையும் ஈரக் கம்பளி வாடையும் சேர்ந்தால் இன்றைக்கும் அவள் ஒரு கணம் நின்றுவிடுவாள். வண்டியின் எண்ணெய் மாற்றியது, பிரேக் பார்த்தது, தாத்தாவுக்கு முட்டி போன பிறகு அடியில் படுத்தது எல்லாம் அவள். தாத்தா இறந்த மறுவாரம் லைல் வந்து வண்டியை எடுத்துப்போனார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மகனுக்குத்தானே வண்டி. ஒரு வருடம் கழித்து அதை விற்றுவிட்டதாகச் செய்தி மட்டும் வந்தது.

பிரையோனிக்கு அப்போது எட்டு வயது. அந்தக் குன்றில் கம்பளித் தொப்பியோடு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே வண்டி எந்த வளைவில் இருக்கிறது என்று சொல்ல அம்மாதான் பழக்கினாள். அடுத்த வருடத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கடைக்குப் போனார்கள்.

மரே தன் டிரெய்லரை இரவல் கொடுத்தார். வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டதற்குப் பிராயச்சித்தமோ என்னவோ, மறுநாள் சும்மா கொண்டுவந்து விட்டால் போதும் என்றார்.

*

லைலின் கிளப் இருக்கும் குன்றில் எதுவும் மாறவில்லை என்பதுதான் பிரையோனிக்குக் கோபம். அதே தகரக் கொட்டகை. அதே பைன் வரிசை. குளிர் தொடங்கும் மே மாதக் காற்று அதே பக்கத்திலிருந்து அடித்தது. மறுநாள் போட்டிக்கு முன்னேற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஒரு பெரியவர் அடுப்புத் தட்டில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். நொரீனைப் பார்த்ததும் கரண்டி நின்றது.

லைல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்து, பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

"நொரீ."

"ஒரு கையெழுத்து வேணும்" என்றாள் நொரீன். பிளேட்டுக்கான படிவத்தை மேசையில் வைத்தாள். காற்று தூக்கப் பார்த்தது. சாஸ் பாட்டிலை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

லைல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். எழுந்து டிரெய்லருக்குப் போனார். வண்டியைச் சுற்றி வந்தார். இடது விளிம்பில் விரலை வைத்துத் தட்டினார்.

"இங்க போயிருக்கு."

"தெரியும். கையகலம். அடுத்த மாசம் வெட்டி எடுத்துட்டுத் தகடு வச்சுப் பத்தவைக்கப் போறேன்."

"நீயா?"

"அப்பாவோடதுக்கு யாரு வச்சான்னு நெனச்ச?"

லைல் விளிம்பிலிருந்து விரலை எடுத்தார். திரும்பி வந்து அலமாரியிலிருந்து தடித்த உறுப்பினர் பதிவேட்டை எடுத்தார்.

பிரையோனி அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். "மூணு மாச விதின்னு சொல்லப் போறீங்க, அவ்வளவுதானே லைல் மாமா? நேரா சொல்லிடுங்க. குளுருது."

லைல் பதிவேட்டைத் திருப்பி அவர்கள் பக்கம் நகர்த்தினார். "விதி புது ஆளுக்கு. இவ புது ஆளு இல்ல."

நொரீனின் பெயர் இருந்தது. போன வருடத்துப் பக்கத்தில், அதற்கு முந்தின வருடத்தில், அதற்கும் முன்னால். பத்தொன்பது பக்கங்கள் புரட்டியும் பெயர் விட்டுப்போகவில்லை. எல்லாம் லைலின் கையெழுத்து. வருடா வருடம் சந்தா கட்டியதற்கு எதிரே ஒரு டிக்.

பிரையோனி டிக்குகளை விரலால் எண்ணிக்கொண்டே போனாள்.

நொரீன் பதிவேட்டை மூடினாள். "யாரக் கேட்டுக் கட்டுன?"

"யாரையும் கேக்கல."

"அதான் உன் பழக்கம். வண்டிய எடுத்துட்டுப் போனப்பவும் யாரையும் கேக்கல."

வெங்காயம் தீய்ந்துகொண்டிருந்தது. பெரியவர் திருப்பிப் போட மறந்துவிட்டார்.

"வருஷா வருஷம் எழுதத் தெரிஞ்ச கைக்கு ஒரு போன் போடத் தெரியலியா மாமா?" என்றாள் பிரையோனி. "எங்க நம்பர் மாறவே இல்லியே. அதே வீடு. அதே ஒழுகுற கூரை."

லைல் தங்கையைப் பார்த்தார். "உன் பொண்ணுக்கு உன் வாய்."

"இல்ல. என் வாய நான் மூடியே வச்சிருந்தேன். இது அவ படிச்சு வாங்குனது."

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, நிற்காமல் போனது. பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"வண்டிய ஓட்டிப் பாக்காம கையெழுத்துப் போட முடியாது நொரீ. அது உனக்காகப் போட்ட விதி இல்ல. எல்லாருக்கும்தான். குன்று கிளப்போட இடம். இதுக்குள்ள பிளேட் வேணாம். எறக்குங்க. நான் மேல வரைக்கும் ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு..."

"நீ ஓட்ட மாட்ட."

"அப்ப?"

"நான் ஓட்டுவேன். நீ இடது பக்கம் உக்காரு."

லைல் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றுதான் பிரையோனி நினைத்தாள். இத்தனை பேர் முன்னால், இந்த வயதில், தங்கை ஓட்ட இவர் பக்கத்தில் உட்காருவதா. ஒப்புக்கொள்ளாவிட்டால் அம்மா கெஞ்சப் போவதில்லை. வண்டி டிரெய்லரிலேயே வீட்டுக்குத் திரும்பும், முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் கிடக்கும், அதோடு வலது பக்கமும் முடிந்தது. அம்மா அதைப் பற்றி மறுபடி பேசவே மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். பேசாமல் இருப்பதில் அம்மாவுக்குப் பத்தொன்பது வருடப் பயிற்சி.

லைல் கொட்டகைச் சுவருக்குப் போனார். கொக்கியிலிருந்து இரண்டு ஹெல்மெட்டுகளை எடுத்தார். பக்கத்துக் கொக்கியிலிருந்து இன்னொன்றையும் எடுத்தார். பச்சைத் தோல் பட்டை கோத்த ஒரு சாவி. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பட்டையில் சூடு வைத்து எழுதிய 41 என்ற எண்ணைப் பிரையோனி பார்த்துவிட்டாள். நொரீன் பார்க்கவில்லை. அவள் வண்டியை டிரெய்லரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

ஏற வேண்டிய நேரத்தில் பிரையோனி வழக்கம்போல அம்மா பக்கத்தில் போய் நின்றாள். இரண்டே இருக்கை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நீ இங்கயே நில்லு பிரை" என்றாள் நொரீன், ஹெல்மெட் வாரை இறுக்கியபடி. "கேட்டுக்கிட்டே இரு."

லைல் இடது பக்கம் குனிந்து உள்ளே நுழைந்தார். முட்டியை மடக்கச் சிரமப்பட்டார். மடியில் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தார்.

வண்டி கிளம்பியது. முதல் கியரில் கொஞ்சம் திக்கியது. இரண்டாவதில் சரியாகிவிட்டது.

பிரையோனி கண்ணை மூடிக்கொண்டாள். இடது வளைவு. பைன் மரங்களை ஒட்டிய நீள வலது. அங்கே சத்தம் மரங்களில் பட்டுத் திரும்பும். கொண்டை ஊசி வளைவில் கியரைக் குறைக்கும்போது ஒரு சின்னத் தும்மல். அம்மா கூடுதல் வேகமாகத்தான் போகிறாள். எட்டு வயதில் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து கேட்ட அதே வரிசை. அன்றைக்கெல்லாம் ஓட்டியது அம்மா இல்லை என்பதுதான் வித்தியாசம். மூடிய கண்ணுக்குள் என்னவோ நனைந்தது. காற்று என்று வைத்துக்கொண்டாள்.

உச்சிக்குப் போனதும் சத்தம் நின்றது.

திருப்பிக்கொண்டு இறங்க ஒரு நிமிடம் ஆகும். ஒரு நிமிடம் ஆனது. ஐந்து ஆனது. சத்தம் வரவில்லை. மேசையில் சாஸ் பாட்டிலுக்குக் கீழே படிவம் படபடத்தது. கையெழுத்துக் கோடு காலியாகவே இருந்தது.

வெங்காயப் பெரியவர் தட்டைத் துடைத்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். "அந்தப் பச்சை வார் சாவி எங்க போச்சு?"

"லைல் மாமா எடுத்துக்கிட்டுப் போனார்."

பெரியவர் அடுப்பை அணைத்தார். "இன்னைக்காவது சொல்றானே" என்றார், தனக்குள்ளேயே.

"என்ன சொல்றார்? அந்த வண்டிய வித்தாச்சே."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் விற்றுவிட்டதாக வந்த செய்தி பொய் என்பது மட்டும் புரிந்தது. துணியை உதறி மடித்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார்.

பனி இறங்கத் தொடங்கியிருந்தது. குன்றின் உச்சியில் சிவப்பு மங்கி, வண்டி எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. பிறகு அங்கே ஒரு விளக்கு எழும்பியது. வலது கண்.

இடது கண் திறப்பதற்காகப் பிரையோனி பார்த்துக்கொண்டு நின்றாள்.